சுவடியும் சுவடும்: ஐரோப்பிய வாட்போர் நூல்களை வாசித்தல் பற்றிய ஒரு நோக்கு

யாழ்ப்பாண நகரிலிருந்து பருத்தித்துறைக்குச் செல்லும் பெருவீதியில் கோப்பாய், நீர்வேலி, சிறுப்பிட்டி ஆகிய ஊர்கள் ஒன்றையடுத்து ஒன்றாக அமைந்துள்ளன. ஈழத்துத் தமிழ்க் கல்வி வரலாற்றை அறிந்தோர்க்கு இவ்வூர்கள் புதியன அல்ல. தமிழும் வடமொழியும் சைவமும் கற்பித்து, மதகண்டன நூல்களும் எழுதிய சங்கர பண்டிதர் (1829-1870) நீர்வேலியைச் சேர்ந்தவர். அடுத்துள்ள சிறுப்பிட்டியிலே 1832 இல் பிறந்தவர் சி. வை. தாமோதரம்பிள்ளை. வீரசோழியத்தை 1881 இலும், தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885 இலும், கலித்தொகையை 1887 இலும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தவர் அவர். பழைய ஏட்டை எவ்வாறு வாசிப்பது என்னும் பிரச்சினை இந்நிலப்பகுதியின் அறிவு மரபோடு நெருங்கிய தொடர்புடையது எனலாம்.

போர் வரலாற்றிலும் இப்பகுதிக்கு இடமுண்டு. 1560 இல் போர்த்துக்கேய அரசப் பிரதிநிதி கொன்ஸ்தந்தீனோ டி பிறகன்சா நல்லூரைக் கைப்பற்றியபோது மன்னன் கோப்பாய்க் கோட்டைக்குப் பின்வாங்கினான். போர்த்துக்கேயப் படை அவனை அங்கும் தொடர்ந்து சென்றது. 1591 இல் அந்திரே பூர்த்தாடோ டி மென்டொன்சா படையெடுத்து வந்தான். 1619 இல் பிலிப்பே டி ஒலிவேரா இராச்சியத்தை முற்றாகக் கைப்பற்றினான். ஏறத்தாழ அறுபது ஆண்டுக் காலத்தில் ஐரோப்பிய வாளும் யாழ்ப்பாண வாளும் இம்மண்ணில் பன்முறை எதிரெதிர் நின்றன.

அவ்வாள்கள் எவ்வாறு பிடிக்கப்பட்டன, எக்கால் முன்வைக்கப்பட்டது, ஒரு வெட்டு எவ்வாறு தடுக்கப்பட்டது என்னும் வினாக்கள் தமிழிலே எழுப்பப்படுவதில்லை. மாதகல் மயில்வாகனப் புலவர் ஒல்லாந்தர் காலத்தில் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலைக்கு அரச மரபும் ஆட்சியும் துரோகமுமே முதன்மைப் பொருள்கள். பேராசிரியர் க. கணபதிப்பிள்ளையின் 'சங்கிலி' (1956) முதலாகச் சங்கிலியைப் பொருளாகக் கொண்ட நாடகங்களும் அரசியலையும் மானத்தையும் மையமாகக் கொண்டவை. மேடையிலே வாள் உண்டு. ஆனால் அது வீரத்தின் குறியீடாகவே உண்டு. குறியீடாகிவிட்ட வாளுக்கு நீளமும் இல்லை, நிறையும் இல்லை.

இக்குறை தமிழுக்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பாவிலும் நெடுங்காலம் இதுவே நிலை. அங்கு கடந்த நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டுகளில் வலுப்பெற்ற பழைய வாட்கலைப் பயில்வு, இவ்வினாக்களுக்கு விடைகாண ஒரு வழியைக் கண்டது. பழஞ்சுவடியை வாசித்தல், வாசித்ததை உடலால் செய்துபார்த்தல், செய்து பார்த்தபின் மீண்டும் சுவடிக்குத் திரும்புதல் என்பதே அவ்வழி. இதனை ஓர் உரைமரபாகக் கொண்டு மதிப்பிடுவதும், அதிலிருந்து தமிழ் ஆய்வு பெறத்தக்கது யாது, தவிர்க்கத்தக்கது யாது எனக் காண்பதும் இக்கட்டுரையின் நோக்கம்.

சூத்திரமும் உரையும்

ஐரோப்பிய வாட்போர் நூல்களுள் இன்று கிடைப்பனவற்றில் மிகப் பழையது, பதினான்காம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சார்ந்த ஓர் இலத்தீன் சுவடி. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரிலுள்ள அரச படைக்கல நிலையத்தில் அது பாதுகாக்கப்படுகிறது. ஒரு கை வாளையும் சிறு கைக்கேடயத்தையும் கொண்டு போரிடும் முறையை அது படங்களோடு விளக்குகிறது. கற்பிப்பவர் ஒரு மதகுரு. கற்பவன் ஒரு மாணவன். இறுதியில் வல்புர்கிஸ் என்னும் பெண்ணொருத்தியும் வாளேந்தித் தோன்றுகிறாள். வாட்கலை படைவீரருக்கும் பிரபுக்களுக்கும் மட்டுமே உரியதாயிருந்தது என்னும் பொதுவான எண்ணத்தை இவ்வொரு சுவடியே ஐயத்துக்குள்ளாக்குகிறது.

தமிழ் மாணவருக்கு இதனினும் சுவை பயப்பது ஜேர்மன் மரபு. பதினான்காம் நூற்றாண்டினர் எனக் கருதப்படும் யொகன்னஸ் லீக்டனவர் நீள்வாட் கலையை எதுகையமைந்த ஈரடிச் செய்யுள்களில் சுருக்கினார். அவை மனப்பாடத்துக்கு உரியவை. வேண்டுமென்றே பொருள் மறைத்து யாக்கப்பட்டவை. வெளியார் கேட்பினும் விளங்காது; ஆசானிடம் பாடங் கேட்டவனுக்கு ஓரடியே ஒரு முழுச் செய்கையை நினைவூட்டும். பதினைந்தாம் நூற்றாண்டில் சிக்முண்ட் றிங்கெக் முதலியோர் பெயரால் வழங்கும் உரைகள் எழுதப்பட்டன. செய்யுளை முதலிற் காட்டி, அதன்கீழ்ச் சொற்பொருளும் செய்கை விளக்கமும் தரும் இவ்வுரைகளின் அமைப்பு, தமிழ் இலக்கண உரைகளைப் பயின்றோருக்கு மிகப் பழகிய ஒன்று.

அம்மரபிலே நான்கு முதன்மை நிலைகள் கூறப்படும். அவற்றுள் மூன்றின் பெயர்கள் எருது, கலப்பை, பேதை என்னும் பொருளுடையன. வாளைத் தலையருகே உயர்த்தி முனையை எதிரியின் முகத்துக்கு நேரே நீட்டுவது எருது. கொம்பின் தோற்றமே பெயருக்குக் காரணம். இடுப்பருகே பிடியை வைத்து முனையை மேல்நோக்கிச் சாய்ப்பது கலப்பை. முனையை நிலத்தை நோக்கித் தாழ்த்தி, காப்பற்று நிற்பதுபோலத் தோன்றுவது பேதை. உழவும் கால்நடையும் அறிந்த சமூகமொன்று தன் அன்றாட வாழ்விலிருந்தே கலைச்சொல்லை ஆக்கிக்கொண்டமை இதனாற் பெறப்படும். இத்தாலியரான பியோரே டெய் லிபேரி பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இயற்றிய நூலிலும் இரும்புக்கதவு, பன்றிப்பல் எனப் பொருள்படும் நிலைப்பெயர்கள் உள்ளன.

உரையின் இன்றியமையாமையை விளக்க ஓர் எடுத்துக்காட்டுப் போதும். லீக்டனவரின் ஐவகை வெட்டுகளுள் ஒன்று வளைவெட்டு. வளைந்து வெட்டி எதிரியின் கைகளை நோக்கி முனையைச் செலுத்துக என்பதே செய்யுளின் கருத்து. அவ்வீரடி கால் பற்றி ஒன்றும் கூறவில்லை. உரைகளோ, கைகளைக் குறுக்காக்கி வெட்டும்போது வலப்புறமாக விலகிக் காலெடுத்து வைக்குமாறு கூறுகின்றன. படிப்பறையில் இருந்து வாசிப்பவனுக்கு இவ்விளக்கம் மிகையாகத் தோன்றலாம். இருவர் எதிரெதிர் நின்று செய்து பார்க்கும்போதே அதன் பெறுமதி விளங்கும். காலை விலக்காது வெட்டினால் எதிரியின் கையில் அடி விழும்; அதே கணத்தில் அவன் வாளும் வெட்டுபவன் தலையில் இறங்கும். நேர்கோட்டைவிட்டு விலகுதல் அவ்வெட்டின் அணி அன்று; அதன் உயிர். செய்யுள் கூறாது விட்டதை உரை கூறிற்று. உரை கூறியதன் காரணத்தைச் செய்கை உணர்த்திற்று.

சிலம்பம், அடிமுறை ஆகியவற்றைக் கற்பிக்கும் ஆசான்கள் காலெடுத்து வைக்கும் முறையைச் சுவடு என்பர். சுவடியின் பொருளைச் சுவட்டாற் சோதித்தல் என இவ்வாய்வு முறையைத் தமிழிலே சுருங்கக் கூறலாம்.

கண்டனத்தால் அறியப்பட்ட மரபு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்திலே பழைய வாட்கலை பற்றிய ஆர்வம் ஒருமுறை தோன்றியது. எகேர்ட்டன் காசில் 1885 இல் வாட்பயிற்சிக் கூடங்களினதும் ஆசான்களினதும் வரலாற்றை எழுதினார். அல்பிரட் ஹட்டன் 1892 இல் பழைய வாட்பயில்வு பற்றிய நூலை வெளியிட்டார். அவர்களது உழைப்புப் பெரிது. ஆயினும் காசிலின் வரலாற்றுப் பார்வை அக்காலப் பரிணாமக் கோட்பாட்டில் ஊன்றியது. முரட்டு வலிமையில் தொடங்கிய வாட்போர் படிப்படியாகச் செம்மையுற்று, அவர் காலத்து மெல்லிய வாளில் நிறைவெய்தியது என்பதே அதன் சாரம். அளவுகோல் முன்னரே வகுக்கப்பட்டுவிட்டமையால், பழைய நூல்களின் நுட்பம் அதற்குள் அடங்கவில்லை. அடங்காதது முரடு எனப்பட்டது.

இதே அளவுகோல் தமிழிலும் தொழிற்பட்டதுண்டு. நாட்டுக்கூத்தைச் செம்மையுறாத ஆரம்ப வடிவமாகவும், படச்சட்ட மேடை நாடகத்தை அதன் வளர்ந்த நிலையாகவும் கொண்ட கருத்து, பேராசிரியர் சு. வித்தியானந்தன் 'கர்ணன் போர்' (1962), 'இராவணேசன்' (1965) ஆகியவற்றைப் பல்கலைக்கழக மேடையில் ஏற்றும்வரை படித்தோரிடையே செல்வாக்குடன் இருந்தது. ஒரு கலையை அதன் சொந்த இலக்கணத்தால் அளவிட வேண்டும் என்பதே இரு இடத்தும் கிடைக்கும் பாடம்.

யாழ்ப்பாண வரலாற்றோடு நெருங்கிய தொடர்புடையது ஐபீரிய மரபு. அங்கு இவ்வளவுகோற் பிரச்சினை வேறொரு வடிவிலே தோன்றுகிறது. ஸ்பானியரான கறன்சா 1582 இல் வெளியிட்ட நூல் வாட்கலையைக் கேத்திர கணிதத்தின் அடியாக விளக்கியது. வட்டம், நாண், கோணம் என்பவற்றால் காலடியையும் வாளின் செலவையும் அளந்த அம்முறை, தன்னையே மெய்க்கலை எனக் கூறிக்கொண்டது. அதற்கு முன்னிருந்த வழக்கைப் பாமர வாட்போர் எனப் பழித்தது. பழித்தவர்களின் நூல்கள் அச்சேறிப் பரவின. பழிக்கப்பட்டவர்களின் குரல் பெரும்பாலும் மறைந்தது. போர்த்துக்கல்லின் சந்தறேம் நகரத்தவரான டொமிங்கோ லூயிஸ் கொடின்யோ 1599 இல் எழுதிய கையெழுத்துச் சுவடி அண்மைக் காலத்தில் வாசிப்புக்கு வந்தமையாலேயே அப்பழைய வழக்கை அதன் சொந்த வாயால் கேட்க முடிந்துள்ளது. தனிவாள், வாளும் குத்துவாளும், வாளும் மேலங்கியும், வாளும் கேடயமும், இரட்டைவாள், இருகைப் பெருவாள் என ஒழுங்குபட அமைந்த அந்நூலைப் படிப்போர், பாமரம் எனப்பட்டதற்குள் தெளிவான பாகுபாடும் பயிற்சி வரன்முறையும் இருந்தமையைக் காண்பர்.

கண்டன நூலை மட்டும் படித்து எதிர்க்கட்சியை அறிய முடியாது என்பது தருக்க மரபிலே பயின்ற எவரும் உணர்ந்த உண்மை. நீர்வேலி சங்கர பண்டிதரின் காலத்து யாழ்ப்பாணம் கண்டனங்களின் காலம். சைவக் கண்டனத்தையும் மிஷனரிமாரின் பிரசுரத்தையும் அருகருகே வைத்துப் படிப்பவனுக்கே அக்காலத்து விவாதம் முழுமையாக விளங்கும். கொடின்யோவின் சுவடி ஐபீரிய வாட்கலை விவாதத்துக்கு அவ்வகையான மறுபக்கத்தைத் தந்துள்ளது.

இருகைப் பெருவாளைப் போர்த்துக்கேயர் மொன்தாந்தே என்பர். இதற்கெனத் தனிநூல் 1651 இல் டியோகோ கோமெஸ் டி பிகெய்றெடோவால் எழுதப்பட்டது. அதன் நடை மிகச் சுருக்கமானது: எக்கால், எப்பக்கத்து வெட்டு, எத்திசைத் திரும்பல் என்பன விதிகளாக அடுக்கப்பட்டுள்ளன. ஆனால் பல விதிகளின் தலைப்புகள் சூழ்நிலையைச் சுட்டுகின்றன. ஒடுங்கிய தெருவில் போரிடல், முன்னும் பின்னும் வருவோரை எதிர்த்தல், ஒரு பெண்ணைக் காத்து நிற்றல், மரக்கலத்தின் நடைபாதையை மறித்து நிற்றல் என்பன அவற்றுட் சில. திறந்த வெளிக்குரிய கிடைவீச்சு ஒடுங்கிய ஒழுங்கையில் மதிலிற் படும் என்பதை நூல் விரித்துரைக்க வேண்டியதில்லை, தலைப்பே உரையாகிறது. பொருள் நிலைக்களத்தால் தீர்மானிக்கப்படும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. கொடின்யோவின் நூல் 1599 இலும் பிகெய்றெடோவின் நூல் 1651 இலும் எழுதப்பட்டவை. கோப்பாய்ப் போர் 1560 இல் நிகழ்ந்தது. கூடத்தில் ஆசான் கற்பித்ததும் கடல்கடந்து வந்த படைவீரன் களத்திற் செய்ததும் ஒன்றாயிருக்க வேண்டியதில்லை. மேலும் போர்த்துக்கேயரின் வெற்றி வாளால் மட்டும் விளைந்ததன்று. துப்பாக்கியும் பீரங்கியும் கப்பலும், லஸ்கறீன் எனப்பட்ட உள்நாட்டுப் படையினரும் அதிற் பங்குகொண்டனர். இந்நூல்கள் காட்டுவது ஒரு காலத்து ஒரு சமூகத்தின் வாளறிவு எத்தகையது என்பதையே. அதற்குமேல் அவற்றைப் பேசவைப்பது நூலின்மீது ஏற்றிச்சொல்லல் ஆகும்.

தமிழிலுள்ள சான்றுகள்

தமிழிலே போரை இலக்கணப்படுத்திய நூல்கள் உண்டு. தொல்காப்பியப் புறத்திணையியலும், ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலையும் போரை நிரைகவர்தல் முதல் வெற்றி வரை திணையும் துறையுமாகப் பகுத்தன. அவற்றின் பாகுபாட்டுக்கு அடிப்படை போரின் நோக்கமும் கட்டமும் ஆகும். வீரனின் கையும் காலும் அவற்றின் பொருளல்ல. வெட்சி, தும்பை என்னும் பூப்பெயர்களையும், எருது, கலப்பை என்னும் நிலைப்பெயர்களையும் ஒப்புநோக்கினால் இரு மரபுகளின் வேறுபாடு புலப்படும். முன்னவை புலவன் பாடுதற்கு வகுத்த பெயர்கள். பின்னவை பயில்வோன் நிற்பதற்கு வகுத்த பெயர்கள். ஒன்றில் மற்றதைத் தேடுவோர் ஏமாற்றமே அடைவர்.

செய்கை வழியாக வந்தவை இரண்டு. ஒன்று சிலம்பம், மற்றது கூத்து. ஐரோப்பாவிலே நூல் எஞ்சியது, நீள்வாளை ஆசானிடம் பயிலும் தொடர்ச்சி அறுந்தது. தமிழிலே பயிற்றும் தொடர்ச்சி எஞ்சியது. ஆனால் அதன் பழமையையும் மாற்றங்களையும் காட்டும் ஆண்டு குறித்த நூல்கள் மிக அரிது. இதனாலேயே சிலம்பம் பற்றி எழுதுவோர் ஆயிரக்கணக்கான ஆண்டு மாறாத் தொடர்ச்சியை எளிதிற் கூறிவிடுகின்றனர். ஆசானின் சுவடு நேற்றைய ஆசானைக் காட்டும். அவருக்கு முன்னிருந்தோரையும் ஓரளவு காட்டும். சங்ககாலத்தைக் காட்டுமா என்பது வேறு சான்றுகளால் தீர்க்கப்பட வேண்டிய வினா. பெருவாள் விதிகளிலும் சிலம்ப வீச்சிலும் சுழற்சியால் இடத்தைக் காக்கும் ஒற்றுமை உண்டு. பலர் நடுவே நிற்கும் ஒருவன் நீண்ட ஆயுதத்தை நிறுத்தாது சுழற்றுவது எந்நாட்டிலும் இயல்பு. இதனைக் கொண்டு கொடுக்கல் வாங்கலை நிறுவ முடியாது.

கூத்திலே வரும் வாட்போர் இன்னும் கவனமாக நோக்கத்தக்கது. மன்னாரிலும் யாழ்ப்பாணக் கரையோரத்திலும் வழங்கிய கத்தோலிக்க நாடகங்கள் ஐரோப்பிய அரசரையே தமிழ் மேடைக்குக் கொண்டுவந்தன. 'என்றீக் எம்பரதோர் நாடகம்' என்னும் பெயரிலேயே பேரரசன் எனப் பொருள்படும் போர்த்துக்கேயச் சொல் தங்கியுள்ளது. ஐரோப்பிய வாள் தமிழரின் கலையிற் புகுந்த நேர்ச்சான்றைத் தேடுவோர் முதலிற் பார்க்க வேண்டிய இடம் இதுவே. ஆயினும் அப்பேரரசன் ஆடுவது அண்ணாவியார் பழக்கிய ஆட்டம். அவன் வாள் மத்தளத்துக்குக் கட்டுப்பட்டது. எதிரியின் உயிரை நோக்கியதன்று. கூத்து ஐரோப்பிய அரசனின் முடியையும் பட்டத்தையும் ஏற்றுக்கொண்டு, அவன் காலடியைத் தன் தாளத்துக்கு மாற்றிக்கொண்டது. அம்மாற்றமே அதன் படைப்பாற்றல். அதனுள் போர்த்துக்கேய வாட்பயிற்சியைத் தேடுவது கூத்துக்கும் வரலாற்றுக்கும் நியாயம் செய்வதாகாது.

சுவடியைச் செய்கையாற் சோதிக்கும் முறை தமிழுக்கு அயலானதன்று. அழிந்துபோன யாழைச் சிலப்பதிகார அரங்கேற்று காதையும் அடியார்க்குநல்லார் உரையும் கொண்டு ஆராய்ந்து, கணித்து, யாழ் வடிவங்களை மீட்டமைத்த விபுலாநந்த அடிகளின் 'யாழ் நூல்' (1947) அம்முறைக்குத் தமிழில் எழுந்த பெருஞ்சான்று. உரையின் ஒரு சொல் தவறாக விளங்கிக்கொள்ளப்பட்டால் நரம்பு தவறான சுருதியில் ஒலிக்கும். வளைவெட்டில் கால் விலகாதவன் தலையில் வாள் விழுவதும் இத்தகையதே. இரண்டிலும் பிழையைப் பொருளே காட்டிக்கொடுக்கிறது.

செய்கையின் எல்லை

ஆயினும் செய்கையை இறுதிப் பிரமாணமாகக் கொள்வதிலும் இடருண்டு. இன்று ஐரோப்பிய மரபைப் பயில்வோர் முகக்கவசமும் பஞ்சுவைத்துத் தைத்த மேற்சட்டையும் தடித்த கையுறையும் அணிந்து, முனை மழுக்கிய வளையும் வாளால் மோதுகின்றனர். உயிர்ப்பயம் நீங்கிய இடத்தில், கூர்வாளின் முன் எவனும் துணியாத செயல்களும் துணியப்படுகின்றன. இருவரும் ஒருசேர வெட்டுண்ணுதல் போட்டிகளில் அடிக்கடி நிகழ்வது இதனால். ஆங்கில ஆசானான ஜோர்ஜ் சில்வர் 1599 இலேயே, இலண்டனில் இத்தாலியர் கற்பித்த மெல்வாள் முறை இருவரையும் ஒருங்கே மாய்க்கும் எனக் கடிந்தார். பாதுகாப்புக் கவசம் அப்பிழையின் விலையைக் குறைத்துவிட்டது, பிழையை நீக்கவில்லை.

இரண்டாவது இடர், வெற்றியைப் பொருளாகக் கொள்ளல். ஒரு செய்கை போட்டியில் வெல்வதால் அதுவே நூலாசிரியர் கருதியது என நிறுவப்படாது. வலிமையும் வேகமும் உடையவன் பிழையான உரையாலும் வெல்லக்கூடும். செய்கையால் ஓர் உரை பொருந்தாதெனக் காட்டலாம். பொருந்துவன பலவாயின் எது ஆசிரியர் கருத்து என்பதைச் சொல்லே தீர்க்க வேண்டும்.

மூன்றாவது, ஓர் ஆசிரியர் கூறாது விட்டதை மற்றோர் ஆசிரியரைக் கொண்டு நிரப்புதல். பிறநூல் முடிந்தது தானுடன்படல் என்னும் உத்தியை நன்னூலும் கூறும். ஆயினும் இத்தாலியர் நூலால் ஜேர்மன் செய்யுளை நிரப்பும்போது அந்நிரப்பல் உரையாசிரியரின் ஊகமெனக் குறிக்கப்பட வேண்டும். தாமோதரம்பிள்ளை பதிப்பித்த பொருளதிகாரம் முழுவதும் நச்சினார்க்கினியர் உரை எனவே முதலிற் கொள்ளப்பட்டது. பின்னைய நான்கு இயல்களின் உரை பேராசிரியருடையது என்பது பின்னரே தெளிவாயிற்று. தாமோதரம்பிள்ளை ஏட்டை உள்ளவாறு அச்சேற்றியமையாலேயே பின்வந்தோர் அதனைத் திருத்த முடிந்தது. ஊகத்தை மூலத்தோடு கலந்திருந்தால் திருத்தத்துக்கே வழியிருந்திராது.

ஐரோப்பிய வாட்கலைப் பயில்வின் சிறந்த பகுதி, அது மூலத்தையும் மொழிபெயர்ப்பையும் ஊகத்தையும் வெவ்வேறாக வைத்திருக்க முயல்வதே. அதன் தாழ்ந்த பகுதி, உடை அணிந்து பழங்காலத்தை நடித்து மகிழ்வது. தமிழ் ஆய்வு முன்னதையே ஏற்றுக்கொள்ளத்தக்கது. கொடின்யோவையும் பிகெய்றெடோவையும் குறிப்புரையோடு தமிழாக்குதல் ஒரு பணி. கூத்தின் வாளாட்டத்தையும் சிலம்பத்தின் சுவடுகளையும், அவற்றைக் கற்பிப்போர் வழங்கும் சொற்களாலேயே, ஆண்டும் ஊரும் குறித்துப் பதிவு செய்தல் மற்றொரு பணி. இவ்விரண்டாவது பணிக்குக் காலம் குறைவு. ஏடு சிதைந்தாலும் அதன் துண்டுகள் எஞ்சும். அண்ணாவியார் ஒருவர் மறைந்தால் எஞ்சுவது எதுவுமில்லை.

சங்கிலியின் வாள் எவ்வாறு சுழன்றது என்பதற்கு அழகான விடையொன்றைக் கற்பித்துக்கொள்வது எளிது. நாடகாசிரியனுக்கு அவ்வுரிமையும் உண்டு. ஆய்வாளனுக்கு அவ்வுரிமை இல்லை. கோப்பாய்க்கும் சிறுப்பிட்டிக்கும் இடையிலுள்ள இச்சிறு நிலப்பரப்பு வாளையும் கண்டது, ஏட்டையும் காத்தது. வாளைப் பற்றிப் பேசும்போதும் ஏட்டைக் காத்தவர்களின் ஒழுக்கத்தைக் கைவிடாதிருப்பதே அம்மரபுக்குச் செய்யத்தக்க மரியாதை.